சிரித்துவிட்டு எடுத்து வைத்த படம்

போன மாதம் எக்ஸ்ரே எடுக்கப் போன இடத்தில் நான் தலை சீவிக்கொண்டேன். இது உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. வயதான குமாஸ்தாக்கள் எல்லாரும் நெஞ்சுப் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் ஷிப்பிங் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அங்கே இருந்த பெண், "சட்டையக் கழட்டிட்டு இங்கன வந்து நில்லுங்க அண்ணாச்சி" என்றாள். கழற்றினேன். பையிலிருந்து சீப்பை எடுத்தேன், இருக்கிற நாலு முடியையும் ஒரு பக்கமாகப் படிய வைத்தேன், வயிற்றை உள்ளே இழுத்தேன், பலகையைப் பார்த்து லேசாகச் சிரிக்கவும் செய்தேன். "அண்ணாச்சி, முகம் இதுல விழாது" என்றாள் அவள். போதாக்குறைக்கு, சீப்பை இழுத்த வேகத்தில் பையில் கிடந்த வறுத்த கடலை மொத்தமும் கொட்டி அந்த அறை முழுக்க உருண்டது. என் சட்டைப் பையில் கடலை இல்லாத நாள் கிடையாது என்பது உனக்குத் தெரியும். தோலை ஊதித் தள்ளக்கூடப் பொறுமை இல்லாமல் அப்படியே வாயில் போடுகிறவன் நான். உன் அம்மா அந்தப் பையைப் பெட்டிக்கடை என்பாள். நீ பிறந்து முதன்முதலாகத் திறக்கக் கற்றுக்கொண்ட கதவும் அதுதான்.

அந்தப் பெண்ணும் நானும் குனிந்து கடலை பொறுக்கினோம். அசிங்கத்தை மறைக்க நான் பெருமையை எடுத்து விட்டேன். "என் மகனும் எக்ஸ்ரே டாக்டர்தாம்மா. பிள்ளைங்க படம் மட்டும் பாக்கதுக்குன்னே தனியாப் படிச்சிருக்கான்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பிள்ளைங்க படமா? அது ரொம்பக் கஷ்டமில்லா அண்ணாச்சி. பெரியவங்ககிட்ட மூச்ச அடக்குங்கன்னா அடக்குவாங்க. பிள்ளைகிட்ட யாரு சொல்லுதது?" விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த வாரம் நீ சென்னைக்கு ரயில் ஏறுகிறாய். இனிமேல் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து, ஊர் பேர் தெரியாத பிள்ளைகளின் நெஞ்சைப் பார்த்து, இது நோய், இது நோயில்லை என்று எழுதிக் கொடுக்கப் போகிறாய். அதற்கு முன்னால் உனக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். நேரில் சொன்னால் நடுவில் ஒரு வேடிக்கை வந்து என் வாயைப் பிடுங்கிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ இந்தப் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து நம் தெருவில் நானும் பாதி டாக்டர். அவரவர் வீட்டுப் படத்தை உறையோடு கொண்டுவந்து, "அண்ணாச்சி, சும்மா ஒரு பார்வை பாருங்க" என்று நீட்டுகிறார்கள். நானும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் கொடுப்பேன். அந்தச் சத்தத்துக்கு ஒரு காப்பி உண்டு. பால்காரர் வீட்டுக் கைப்பிள்ளைக்கு இதயம் பெருத்திருக்கிறது என்று யாரோ சொல்லி, அந்த வீட்டில் உலை வைக்கவில்லை. நான் படத்தைப் போனில் உனக்கு அனுப்பினேன். அது இதயம் இல்லை, கைப்பிள்ளைகளுக்கு அதன் மேலே ஒரு சுரப்பி பெரிதாக இருக்கும், படத்தில் கடலில் போகிற வள்ளத்துப் பாய் விரிந்த மாதிரி நிழல் விழும், வளர வளர அது சுருங்கிவிடும் என்றாய். "போன்ல பாத்து நான் முடிவு சொல்லக் கூடாதுப்பா, அங்க உள்ள டாக்டர்கிட்டயே மறுபடி கேக்கச் சொல்லுங்க" என்றும் சொன்னாய். முதல் பாதியை மட்டும் நான் தெருவில் அறிவித்தேன். நல்ல காலம், பால்காரர் என்னை நம்பாமல் டாக்டரிடமே மறுபடி போனார். அங்கேயும் அதே பதில்தான் வந்தது. பெரியவர்களுக்கு நோயாக இருப்பது பிள்ளைக்கு நோயில்லை, பிள்ளைக்கு நோயாக இருப்பது பெரியவர்கள் கண்ணுக்குப் படாது என்று அன்றைக்கு நீ சொன்னதை நான் எழுதி வைக்கவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. அதை நான் உன் உடம்பிலேயே படித்தவன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாடியில் உன் கூட்டாளிகளுக்கு விருந்து வைத்தாய் அல்லவா? அங்கே நீ சடைக் கதையைச் சொன்னாய். மூன்று வயதில் உனக்குக் காசநோய் என்று ஊரே பயந்ததும், கடைசியில் அது உன் பின்னல் சடையின் நிழல் என்று தெரிந்ததும், அந்தப் படத்தின் வழியாகத்தான் பின்னொரு கிரகணத்தன்று நம் தெருவே சூரியனைப் பார்த்தது என்பதும். "என் நெஞ்சு வழியா சூரியனப் பாத்த தெருவாக்கும் இது" என்று நீ சொன்னபோது கூட்டத்தில் அதிகமாகச் சிரித்தவன் நான். அது என் கதை, நான் செதுக்கிக் கொடுத்தது. சாப்பாடு முடிகிற நேரத்தில் இன்னொரு கதையும் சொன்னாய். அத்தை வாங்கி வந்த மக்ரூன் இனிப்பில் இருந்த முந்திரித் துண்டு உன் மூச்சுக்குழலில் மாட்டி, மதுரையில் குழாய் விட்டு எடுத்தது. உனக்கு இது இரண்டு கதை. இரண்டையும் பிரித்துப் பிரித்துச் சொல்லி வளர்த்தவன் நான்தான், ஒன்று சிரிப்புக்கு, ஒன்று பயத்துக்கு. மகனே, அவை இரண்டும் ஒரே படம்.

உன் அம்மாவுக்கு நீ கிடைத்தது நேர்ந்துகொண்டு. மூன்று வயது வரை கத்தி படாமல் வளர்த்துத் திருச்செந்தூரில் முடி இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். அவள் பரம்பரை முடி உனக்கு. தோளைத் தாண்டிக் கறுகறுவென்று வளர்ந்து, எண்ணெய் தடவிப் பின்னிச் சிவப்பு ரிப்பன் கட்டினால் வீதியில் போகிறவர்கள், "பொம்பளப் பிள்ள அழகா இருக்கா" என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். முடி இறக்கக் கொஞ்ச நாள் இருக்கும்போது உனக்கு இருமல் பிடித்தது. குழந்தை டாக்டர் படம் எடுக்கச் சொன்னார். படத்தில் வலது நெஞ்சின் மேல்புறம் வெள்ளையாக ஒரு திட்டு. "பிரைமரி காம்ப்ளெக்ஸ் மாதிரி தெரியுது. ஆறு மாசம் மருந்து குடுக்கணும். எதுக்கும் எக்ஸ்ரே டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிட்டு வந்துருங்க" என்றார். அந்தப் பேர் நம் ஊரில் எப்படிப் பரவும் என்று உனக்குத் தெரியும். நாங்கள் எக்ஸ்ரே டாக்டர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள், "அவங்க வீட்டுப் பிள்ளைக்கு டி.பி.யாம்லா" என்று எதிர் வீட்டில் தம்ளரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள்.

எக்ஸ்ரே டாக்டர் வயதானவர், பேச்சு குறைவு. படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி உடனே கண்டுபிடித்துவிட்டார். "இந்த நிழல் நெஞ்சோட நிக்கல பாருங்க. காறை எலும்பத் தாண்டிக் கழுத்து வரைக்கும் போகுது. நுரையீரல் கழுத்துலயா இருக்கு? பையனத் திருப்புங்க." திருப்பினோம். சிவப்பு ரிப்பனோடு சடை தொங்கியது. படம் எடுத்தபோது அது முன்பக்கமாக வலது தோளில் கிடந்திருக்கிறது. உன் அம்மா அழுதாள், பிறகு சிரித்தாள். டாக்டர், "சடையத் தூக்கிக் கட்டிட்டு இன்னொரு படம் எடுத்துருவோம்" என்றார். அப்போதுதான் நான் சொன்னேன்: "எதுக்கு சார் இன்னொண்ணு? சடைக்கு வந்த நோய்க்குத் திருச்செந்தூர்ல மருந்து போட்டுருவோம்." மனுஷர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை என்று கம்பவுண்டர் சொன்னான். சிரித்துக்கொண்டே படத்தை உறையில் போட்டு என் கையில் கொடுத்தார்.

அதற்குப் பிறகு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. துறைமுக வாசல் டீக்கடை, ஆபீஸ், முடிவெட்டும் கடை, ஒரு இடம் பாக்கியில்லை. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் சடை ஒரு சாண் நீண்டது. பெரிய முதலாளிகூட என்னைக் கூப்பிட்டு, "ஏய், அந்தச் சடையச் சொல்லுடே" என்று கேட்டார். வீட்டில் நீ இருமிக்கொண்டேதான் இருந்தாய். உன் அம்மா ஒருநாள் சோற்றை வைத்துவிட்டுக் கேட்டாள்: "நெழல் சடையோடது, சரி. இருமல் யாரோடதுங்க?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதுவும் ரிப்பனோடதா இருக்கும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "தூங்கும்போது ஒரு பக்கமா விசில் அடிக்குது" என்றாள். நான் விசிலடித்துக் காட்டினேன்.

திருச்செந்தூரில் முடி இறக்குகிற இடத்தில் உன்னை என் மடியில் வைத்துக்கொண்டேன். கத்தி போடுகிறவரிடம், "பாத்து அண்ணாச்சி, டி.பி. வந்த சடை" என்று அங்கேயும் அதையே சொன்னேன். நீ வீறிட்டு அழுதாய். தலை மொட்டையாகி, உன் அம்மா சந்தனம் பூசிக்கொண்டிருக்கும்போதே அழுகையின் சத்தம் மட்டும் நின்றுபோனது. வாய் திறந்திருந்தது, நெஞ்சு ஏறி இறங்கியது, சத்தம் இல்லை. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆனது. அந்த முடி இறக்குகிறவர்தான் கத்தியைப் போட்டுவிட்டு உன்னைக் கவிழ்த்து முதுகில் தட்டினார். மூச்சு திரும்பியது, ஆனால் பழைய மூச்சாக இல்லை. விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே உள்ளே போனது. கிடைத்த காரில் ஏறினோம். ஆறுமுகநேரியில் உப்பளத்துக்கு அந்தப் பக்கம் உன் அத்தை வீடு. என் கூடப் பிறந்த அக்கா இருக்கிறாளே என்று எட்டிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. இரண்டு பக்கமும் உப்பு வெள்ளையாகக் குவிந்து கிடந்தது. உன் அம்மா உன் வாயில் காதை வைத்துக்கொண்டே தூத்துக்குடி வரை வந்தாள்.

எக்ஸ்ரே டாக்டர் உன்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது உன் அம்மாவைத்தான். "இருமல் எப்படிம்மா ஆரம்பிச்சுது? மெதுவாவா, திடீர்னா?" போன தடவை இதை யாருமே கேட்கவில்லை. "திடீர்னுதான் சார். ஒரு நாள் சாயந்தரம், இவங்க அக்கா மக்ரூன் வாங்கிட்டு வந்துட்டுப் போன பிறகு, அப்பா மடியில கிடந்து சிரிச்சுக்கிட்டு இருந்தான். அப்படியே புரை ஏறுன மாதிரி இருமினான். பிறகு நின்னுட்டு. மறுநாள்ல இருந்துதான் இந்த இருமல்." டாக்டர் வேறொன்றும் கேட்கவில்லை. என் மேல் கனமான ஈய அங்கியை மாட்டி, உன் கைகளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். நீ என்னைப் பார்த்து அழுதாய். பழக்க தோஷம், நான் முகத்தைக் கோணி வேடிக்கை காட்ட ஆரம்பித்தேன். டாக்டர் சொன்னார், "சிரிப்புக் காட்டாதீங்க. அழட்டும். அழும்போது மூச்சு முழுசும் வெளிய போகும். அந்த நேரம்தான் எனக்கு வேணும்." என் வாழ்க்கையில் ஒருவர் என்னை வேடிக்கை காட்டாதே என்று சொன்னதும், நான் கேட்டதும் அன்றைக்குத்தான்.

படம் ஈரம் சொட்டச் சொட்ட வந்தது. வலது பக்கம் வெளுத்துச் சுருங்கியிருந்தது, இடது பக்கம் கன்னங்கரேல். நான் வெளுத்த பக்கத்தைக் காட்டி, "இதா சார்?" என்றேன். "இல்ல. அழும்போது நுரையீரல் சுருங்கி வெளுக்கணும். அந்தப் பக்கம் சரியாத்தான் இருக்கு. கறுத்த பக்கந்தான் நோய். உள்ள போன காத்து வெளிய வர முடியாம அடைபட்டுக் கெடக்கு. பாருங்க, இதயத்தையே அந்தால தள்ளியிருக்கு. என்னமோ ஒண்ணு குழலுக்குள்ள மாட்டியிருக்கு. அது படத்துல விழாது, அது செய்யுத வேலதான் விழும்." பிறகு கையை நீட்டினார். "பழைய படம் இருக்கா?" அதைக் கோயிலுக்கும் கொண்டுபோயிருந்த உன் அம்மா கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதை அந்த ஈரப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். மேலே வலதுபுறம் சடை. அதன் எதிரில், இடதுபுறம், ஒரு துளி, ஒரே ஒரு துளி அதிகக் கறுப்பு. இப்போது எனக்கே தெரிந்தது. "இதுலயே இருந்திருக்கு" என்றார். "சிரிச்சுட்டு எடுத்து வச்சிட்டேன்."

என்னைப் பார்த்து அவர் அதைச் சொல்லவில்லை. தன்னிடம்தான் சொல்லிக்கொண்டார். அன்றைக்கே மதுரைக்கு அனுப்பினார். அங்கே குழாய் விட்டபோது உன் மூச்சு ஒரு தடவை நின்று திரும்பியது என்று பிறகுதான் சொன்னார்கள். ஊறிப் பெருத்திருந்த துண்டை எடுத்து, சின்னக் குப்பியில் போட்டு எங்களிடம் காட்டினார்கள். "ஏதோ கொட்டை வகை. என்னன்னு தெரியுதா?" என்று கேட்டார் அந்த டாக்டர். "முந்திரி" என்றேன் நான் சட்டென்று. அவர் சரி என்று எழுதிக்கொண்டார். உன் இடது நுரையீரலில் சளி கட்டி, காய்ச்சல் வந்து, நீ எழுந்து உட்கார வெகுநாள் ஆனது. அந்த நாட்களில் நான் யாருக்கும் சடைக் கதை சொல்லவில்லை. நீ பிழைத்து வந்து ஓட ஆரம்பித்த பிறகு, எனக்கு வெட்கமில்லை பார், மறுபடி சொன்னேன். திருச்செந்தூரோடு முடித்துக்கொண்டேன்.

உனக்கு நான் படம் பார்க்கச் சொல்லித்தர முடியாது. துறைமுகத்தில் கண்டெய்னரை லாரியோடு ஸ்கேன் பண்ணுகிறார்கள், அந்தப் படத்தையே எனக்குப் புரியாது. ஆனால் அங்கே உட்கார்ந்து பார்க்கிற ஒரு அதிகாரியை எனக்குத் தெரியும். ஒளித்து வைத்த சரக்கு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் பக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் கை தட்டுவார்கள், அவர் மட்டும் தட்ட மாட்டார். பெட்டியின் அந்த மூலையிலிருந்து மறுபடி முதலில் இருந்து பார்ப்பார். "அண்ணாச்சி, ஒண்ணு கெடச்ச சந்தோசத்துலதான் ரெண்டாவது தப்பிச்சுப் போகுது" என்பார். அவரிடம் நான் உன்னைப் பற்றிச் சொன்னதில்லை. நீயும் ஒரு படத்தில் சடையைக் கண்டுபிடிப்பாய். நீ கெட்டிக்காரன், சீக்கிரமே கண்டுபிடிப்பாய். எல்லாரும் சிரிப்பார்கள், பிள்ளையைப் பெற்றவள் அழுது சிரிப்பாள், என்னை மாதிரி ஒரு தகப்பன் பக்கத்தில் நின்று ஒரு வேடிக்கை சொல்லுவான். அவன் சொன்னது நன்றாகவே இருக்கும். சிரி, வேண்டாம் என்று சொல்லவில்லை. சிரித்துவிட்டுப் படத்தை மறுபடி மாட்டு. இன்னொரு படம் வேண்டும் என்று தோன்றினால் எவன் சிரிப்புக்காகவும் அதை விட்டுவிடாதே. இருமல் யாரோடது என்று அந்தத் தாய் கேட்பாள். அவள் கேட்காவிட்டால் நீ கேள், மெதுவாகவா, திடீரென்றா என்று.

கடைசியாக உன் அத்தை. மதுரையிலிருந்து வந்த அன்றைக்கே நான் அவளிடம், "உன் மக்ரூன்தான் அக்கா" என்று சொன்னேன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் முற்றத்தில் போய் நின்றாள். மக்ரூனில் முந்திரியை மாவாக அரைத்துத்தான் போடுவார்கள், அன்றைக்குக் கடைக்காரன் கை அசந்திருப்பான் என்று மச்சான்தான் அவளைச் சமாதானப்படுத்தினார். அதற்குப் பிறகு நம் வீட்டுக்கு அவள் எதைக் கொண்டுவந்தாலும் விரலால் நொறுக்கிப் பொடியாக்கித்தான் கொண்டுவருகிறாள், அதிரசமானாலும் முறுக்கானாலும். போன ஞாயிற்றுக்கிழமைகூட ஒரு சம்படம் நிறைய மக்ரூன் பொடி. "அத்தே, எனக்குப் பல்லு மொளச்சு ரொம்ப நாளாச்சு" என்று நீ கேலி பண்ணினாய். "ஒனக்கு மொளச்சிட்டுல, எனக்குத்தான் பயம் கொட்டல" என்றாள். ரயில் ஏறும் முன் ஒரு பகல் ஆறுமுகநேரிக்குப் போய் அவள் கையால் சாப்பிட்டுவிட்டு வா. பொடியாகத்தான் தருவாள். வாங்கிக்கொள்.

அந்தக் குப்பியை நானும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். துண்டின் ஒரு ஓரத்தில், ஊதித் தள்ளாமல் விட்ட சிவப்புத் தோல் கொஞ்சம் ஒட்டியிருந்தது. மக்ரூனுக்குப் போடுகிற முந்திரியில் தோல் இருக்காது.